குட்டைக் குழாயும் ஏழு நிமிஷமும்

1

தூங்கும் குழந்தைக்கும் மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கும் உள்ள வித்தியாசம் பெற்றவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

இந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்று பயந்து ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அங்கே மேஜையில் இருந்தவர் குழந்தையின் பெயர், வயது, தகப்பன் தொழில் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, எந்தக் கப்பலில் வந்தாள் என்று கேட்டார். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள், கப்பலில் வரவில்லை என்றேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார். நான் வந்த கப்பலின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அதோடு விசாரணை முடிந்துவிட்டது.

நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் திருச்சியில் மிஷன் பள்ளியில் படித்தவள். கல்யாணமாகி கோலாலம்பூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு லோரி ஓட்டுகிறார். இங்கே லாரியை லோரி என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. கடல் கடந்து வாழும் பெண்கள் அனுபவங்களை எழுதலாம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அறிவித்திருந்தார். மற்றவர்கள் சமையலையும் பண்டிகையையும் பற்றி எழுதுகிறார்கள். நான் ஒரு லோரியின் புகைக்குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். இது ஏற்ற விஷயமா என்று தெரியவில்லை. ஏற்றதல்ல என்றால் ஆசிரியர் கிழித்துப் போட்டுவிடலாம். கடைசியில் இருக்கும் கேள்வியை மட்டுமாவது போட வேண்டும்.

2

எங்கள் லோரி ஒன்றரை டன் பாரம் ஏற்றும் அமெரிக்க லோரி. நாங்கள் வாங்கும்போதே பழையது. துறைமுகக் கிடங்கில் அரிசியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு, கிள்ளான் ஊரைக் கடந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் கொண்டுவந்து இறக்க வேண்டும். இருபத்தேழு மைல்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் நடைக்கு எல்லா லோரிகளுக்கும் சரக்கு கிடைக்கும். இரண்டாம் நடைக்குப் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். யார் முதலில் இறக்கிவிட்டுத் திரும்புகிறாரோ அவருக்குத்தான் அது. பிந்தி வருகிறவர் காலி லோரியோடு நின்று, மற்றவர்களுக்கு மூட்டை ஏறுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நாங்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டு வருகிறவர்களாக இருந்தோம்.

எங்களுக்கு முன்னால் எப்போதும் அந்தோணி என்ற லோரிக்காரர் இருப்பார். கிள்ளான்காரர், சத்தமாகப் பேசுகிறவர்.

"வாப்பா முத்து. கட்டை வண்டி வந்து சேந்துருச்சா? வழியில மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். முத்து என்றது என் வீட்டுக்காரரை. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் எழுந்து போவார். நான் அந்தச் சோற்றை மூடி வைத்துவிட்டு, உப்பு கூடிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

லோரிகளைப் பழுது பார்க்கும் சீனப் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். தவுக்கே என்று கூப்பிடுவார்கள். முதலாளி என்று அர்த்தம். அவர்தான் இவருக்கு யோசனை சொன்னது. வெளிநாட்டிலிருந்து இரண்டு சாமான்கள் தருவிக்கலாம் என்றார். ஒன்று, சைலன்சரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாட்டும் அகலமான நேர்க் குழாய். இன்னொன்று, இயந்திரம் காற்றை இழுக்கும் இடத்தில் தூசியை வடிகட்டும் டப்பாவைக் கழற்றிவிட்டு வைக்கும் பித்தளை வாய். நாதஸ்வரத்தின் அடிப்பாகம் போல விரிந்திருக்கும். சாமான்களோடு நாலு பக்கத்தில் ஓர் ஆங்கிலத் தாளும் வந்தது. இவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான். ஆகவே நான் வாசித்து அர்த்தம் சொன்னேன்.

தாளில் எழுதியிருந்தது இதுதான்: இயந்திரமும் மூச்சு விடுகிறது. வடிகட்டும் டப்பா அதன் மூக்கில் கட்டிய துணி. சைலன்சர் அதன் வாயைப் பொத்திய கை. இரண்டையும் எடுத்துவிட்டால் மேட்டில் இழுவை கூடும். இவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாலாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், இரண்டு வரி இருந்தது. குழாயின் நுனி வண்டியின் பின்புறத்தைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். மூடிய இடத்தில் இயந்திரத்தை ஓடவிடக் கூடாது. அதையும் வாசித்தேன்.

"ஏன் கூடாதாம்?" என்றார்.

"காரணம் எழுதலைங்க."

"காரணம் இல்லாததுக்கு நாம என்ன செய்யறது? அது வெள்ளைக்காரன் மோட்டார் காருக்கு எழுதினது. அவன் கண்ணாடி போட்டு மூடிக்கிட்டுப் போவான். நம்ம லோரி நாலு பக்கமும் திறந்துதானே கிடக்கு? குழாய் நீண்டா இழுவை செத்துப்போவும்னு தவுக்கே சொல்றாரு."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் லோரியில் ஓட்டுகிற இடத்துக்குக் கதவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. நான் ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவை சொல்வது கடமை, இரண்டாம் தடவை சொல்வது எதிர்த்துப் பேசுவது என்று வளர்க்கப்பட்டவள். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

குழாயைத் தவுக்கே குட்டையாக வெட்டினார். அது நாங்கள் உட்காரும் பலகைக்கு அடியிலேயே முடிந்தது. பழைய சைலன்சர் உருளையை உள்ளே இருந்ததையெல்லாம் உருவிவிட்டு, பின்னால் வெறுமனே தொங்கவிட்டார்கள். சோதனை செய்கிற சர்க்கார் ஆள் குனிந்து பார்த்தால் அது கண்ணில் பட வேண்டும் என்பதற்காக.

3

இனி இழுவையைப் பற்றி. இதைச் சரியாகச் சொல்ல என்னால் முடியும், ஏனென்றால் அந்த லோரியில் நானும் போய்க்கொண்டிருந்தேன். எந்தக் கடைக்கு எந்த மூட்டை என்று கிடங்கில் கொடுக்கும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். முன்பு இரண்டு முறை மூட்டைகளை மாற்றி இறக்கி இவர் ஏச்சு வாங்கியிருந்தார். சீட்டு வாசிக்க ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா, வைப்பதற்குப் பதில் என்னைக் கூட்டிப்போனார். அப்போது என் மகள் சரோஜாவுக்கு மூன்று வயது. அவளையும் தூக்கிக்கொண்டு போனேன். "கிராணியம்மா வந்துட்டாங்க, நேரா நில்லுங்கடா" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேலி பேசுவார்கள்.

என் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த கைக்கடிகாரம் என்னிடம் இருந்தது. குழாய் மாட்டுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு நடைக்கும் ஆன நேரத்தை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பழக்கம்.

மாட்டிய பிறகு சராசரியாக ஏழு நிமிஷம் குறைந்தது. பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி வரும் மேட்டில் முன்பெல்லாம் அடிவாரத்திலேயே கியரை இறக்க வேண்டியிருக்கும். இப்போது பாதி மேடு வரை இறக்காமலே ஏறியது. ஆனால் பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முன்னைவிடத் திணறியது. சமவெளியில் மெதுவாகப் போகும்போது ஒரு வித்தியாசமும் இல்லை. காற்று அதிகம் போய் பெட்ரோல் போதாமல் இயந்திரம் தும்மியது என்று தவுக்கே பெட்ரோல் விடும் துளையைப் பெரிதாக்கினார். தும்மல் நின்றது. பெட்ரோல் அதிகமாகக் குடித்தது. சூடாக இருக்கும்போது நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும். ஆகவே சரக்கு இறக்கும்போதும் நிறுத்தாமல் ஓடவிடுவது வழக்கமாயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தச் சத்தம் அரை மைலுக்குக் கேட்கும். கேட்டதும் மாட்டு வண்டிக்காரர்கள் பதறிப்போய் ஓரம் கட்டினார்கள். ஏழு நிமிஷத்தில் இயந்திரம் சம்பாதித்தது எத்தனை, மாட்டு வண்டிக்காரர்களின் பயம் சம்பாதித்தது எத்தனை என்று எனக்குச் சந்தேகம். இவரிடம் சொன்னேன். "படிச்சவங்களுக்கு எதிலயும் நம்பிக்கை வராது" என்றார்.

ஆனால் அந்தோணியை முந்தினோம். முதல் வாரம் முழுவதும் இரண்டாம் நடை எங்களுக்குக் கிடைத்தது. இவர் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். வீட்டில் யாரும் யாருக்கும் பயப்படவில்லை. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

4

ஒரு நாள் கிள்ளான் சாலையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கை காட்டி நிறுத்தினார். சைலன்சர் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். இருக்கிறது ஐயா, துருப்பிடித்ததால் சத்தம் வருகிறது என்று சொன்னேன். அவர் குனிந்து, தொங்கிய உருளையைப் பிரம்பால் தட்டிப் பார்த்தார். என் ஆங்கிலத்தை எங்கே படித்தேன் என்று விசாரித்தார். நல்ல உச்சரிப்பு என்று சொல்லிப் போகவிட்டார்.

வழியெல்லாம் இவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். "மிஷன் ஸ்கூல் படிப்பு இதுக்காவது ஆச்சே."

நானும் சிரித்தேன். அந்த அதிகாரி என் வார்த்தையை நம்பாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம் தரையில் படுத்துப் பார்த்திருந்தால் போதும்.

5

மழைக்காலம் வந்தது. இங்கே மழை பக்கவாட்டில் அடிக்கும். சரோஜாவுக்கு இருமல் வந்தது.

திருச்சியில் எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்த அறையின் ஜன்னலை மூன்று மாதம் திறக்க மாட்டார்கள். கதவிடுக்கில் பழைய சேலையைச் சொருகி வைப்பார்கள். என் கடைசித் தம்பியை அப்படித்தான் வளர்த்தார்கள். காற்றுப் படாமல் வளர்த்த பிள்ளை என்று அம்மாவைப் பார்த்து மற்றவர்கள் சொன்னால் அது பெரிய பாராட்டு. பள்ளியில் எனக்குத் தையலில் எப்போதும் முதல் இடம்.

நான் கித்தான் துணி வாங்கிப் படுதா தைத்தேன். என் பக்கத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று, காலடியில் பலகை இடைவெளியில் காற்று வராமல் முன்பக்கம் ஒன்று. ஓரத்தில் துளை வைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டும்படி செய்தேன். இவர் பக்கம் மட்டும் திறந்தே இருந்தது. கை நீட்டிச் சைகை காட்ட வேண்டுமே. சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. இவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கடையில தச்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அபூர்வம்.

"என்னடா முத்து, பொண்டாட்டிய மூட்டை கட்டி ஏத்திட்டு வர்றே? எந்தக் கடையில இறக்கணும்?" என்றார் அந்தோணி.

சரோஜா என் காலடியில், சாக்கை மடித்துப் போட்ட பலகையின் மேல் படுத்துக்கொள்வாள். அடியில் குழாய் போவதால் அந்த இடம் கதகதப்பாக இருக்கும். முன்பெல்லாம் வழிநெடுக, அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வருவாள். படுதா கட்டிய பிறகு கிள்ளான் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். உதடும் நகமும் சிவந்து, புதிதாக ஒரு நிறம் வந்திருந்தது. "மலாயாத் தண்ணி ஒத்துக்கிச்சு. புள்ளைக்கு என்ன கலரு வந்துருச்சு பாருங்க" என்று மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார். கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் மையால் பொட்டு வைத்தேன்.

எனக்கும் தலைவலி இருந்தது. குமட்டல் இருந்தது. அப்போது நான் நாலு மாதக் கர்ப்பிணி. எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாகப் போதுமானதாக இருந்தது.

6

அன்றைக்குத் துறைமுகத்திலிருந்தே மழை. பத்து தீகா மேட்டில் ஒரு மரம் சாய்ந்து வழியை அடைத்திருந்தது. வெட்டி எடுக்கும்வரை இயந்திரம் ஓடியபடி நின்றோம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. என் பக்கத்துப் படுதாவை அவிழ்த்து, தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தேன். மழை முகத்தில் அடித்ததும் தெளிவாக இருந்தது. சாரல் குழந்தையின் மேல் விழுவதைப் பார்த்து, உடனே படுதாவை இழுத்து முன்னைவிட இறுக்கமாகக் கட்டினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"எஞ்சினை நிறுத்தல. நிறுத்தினா இந்த மழையில மறுபடி புடிக்காது" என்றார் இவர். "நீ எறங்கி சீட்டைப் படி. புள்ளைய எழுப்பாத, அப்பறம் அழும்."

மூன்று கடைகளுக்குச் சீட்டு. அரை மணி நேரம் ஆயிற்று. மூட்டையை ஒருவர் தொப்பென்று போட்டபோது, "அண்ணே, மெதுவா போடுங்க. உள்ள புள்ள தூங்குது" என்று நானே சொன்னேன். அவர் பாவம், அதன் பிறகு ஒவ்வொரு மூட்டையையும் பூனை நடை நடந்து இறக்கினார்.

திரும்பி வந்து படுதாவை விலக்கினேன். உதடு அப்படிச் சிவந்திருந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் தூக்கினேன். கை கால் தனித்தனியாகத் தொங்கின.

இவர் ஆஸ்பத்திரிக்கு லோரியை விரட்டினார். நான் படுதாவைக் கட்ட மறந்துவிட்டேன். மழையும் காற்றும் எங்கள் மேல் நேராக அடித்தன. பாதி வழியில் அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். நான் கவனமாக இருந்தபோது போய்க்கொண்டிருந்தவள், கவனம் தப்பியபோது திரும்பி வந்தாள். இதை நினைத்தால் எனக்கு எந்த வேலையிலும் கை ஓடுவதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இவர் கட்டிலருகில் வந்தார். "மூச்சு சீரா வருதில்ல? டாக்டரும் பயமில்லைன்னுட்டாரு. நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்." போனார். மழையில் எல்லோருமே பிந்தியதால், அன்றும் அந்தோணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

7

டாக்டர் சீட்டில் காய்ச்சல், வலிப்பு என்று எழுதினார். மருந்து கட்டும் உத்தியோகத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். டிரெஸ்ஸர் என்பார்கள். அவர் மட்டும் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை எங்கை படுத்திருந்தது?"

சொன்னேன்.

"லொறி ஓடினபடியோ? சுத்திவர மூடியோ?"

"ஆமாம்."

"இது காய்ச்சல் இல்லை, தங்கச்சி. இஞ்சின் விடுற நஞ்சு. புகை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. மணமும் இல்லை. பெற்றோல் கூடக் குடிக்கிற இஞ்சின் எண்டால் இது இன்னும் கூட வரும். குழாயைப் பின்னுக்கு நீட்டச் சொல்லுங்கோ. இனிப் பிள்ளையை அதிலை ஏத்தாதையுங்கோ."

சீட்டில் அதை எழுதித் தரச் சொன்னேன். "டாக்டர் எழுதினதை நான் மாத்தேலாது" என்றார்.

வீட்டில் சொன்னேன். இவர் சிரித்தார். "கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆனா ஆளை அடிக்குமா? நானும் அதே லோரியிலதானே ஒக்காந்திருந்தேன். எனக்கு ஏன் ஒண்ணும் ஆவல?" அவர் பக்கம் படுதா இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வார்த்தை, படுதா தைத்தது யார் என்பதாகத்தானே இருக்கும்.

சரோஜா நாலு நாளில் எழுந்து நடந்தாள். மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. கோவிலுக்குக்கூடப் போய்வந்தோம். அதன் பிறகு ஒரு காலை இழுக்க ஆரம்பித்தாள். கையில் கொடுத்த தம்ளரைத் தவறவிட்டாள். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகப் போயிற்று. பெரிய வார்த்தைகள் முதலில் போயின, 'அம்மா' என்ற சொல் கடைசியில் போயிற்று. இப்போது அவளிடம் மிஞ்சியிருப்பவை பக்கத்து மலாய் வீட்டுப் பிள்ளைகளிடம் பொறுக்கிய மூன்று நாலு சொற்கள். வேண்டாம் என்பதற்கு 'தா மாவ்'. என்னை 'காக்கா' என்று கூப்பிடுகிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அக்காளைக் கூப்பிடும் முறை அது. அக்காள் என்றாவது நினைக்கிறாளே என்று திரும்பிப் பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா, பேத்தி தமிழ் எழுத ஆரம்பித்துவிட்டாளா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள். ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதுகிறேன்.

ஒரு நாள் கடைக்கு அவளை நடத்திக் கூட்டிப்போனேன். வெளியே லோரிக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருப்பது அந்தோணிக்குத் தெரியாது.

"முத்து கெட்டிக்காரன்டா. லோரியில சைலன்சரைக் கழட்டினான். எங்க வைக்கிறதுன்னு பாத்தான். புள்ள வாயில மாட்டிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். இவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். இவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்ய முடியும் என்று பிறகு அவருக்காக நானே யோசித்துப் பார்த்தேன். அவர்களோடுதானே தினமும் வரிசையில் நிற்க வேண்டும். இருந்தாலும் அந்தச் சிரிப்பு மற்றவர்களுடையதைவிட ஒரு கணம் முந்தி வந்தது போல எனக்குப் பட்டது. தவறாகவும் இருக்கலாம்.

8

ஒரு வருஷத்தில் லோரிக்கும் கேடு வந்துவிட்டது. வடிகட்டும் டப்பா இல்லாததால் வெயில் காலத்துச் செம்மண் தூசி முழுவதும் இயந்திரத்துக்குள் போயிற்று. இப்போது எண்ணெய் குடிக்கிறது, நீலமாகப் புகைகிறது. சரோஜாவுக்கு அப்படி ஆனபின் இவர் சீட்டு வாசிக்க ஒரு கிராணியை வைத்துக்கொண்டார். துறைமுகத்தில் கிளம்பிய நேரம் சீட்டில் குத்தியிருக்கும். வந்து சேரும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். இரண்டையும் வைத்து நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏழு நிமிஷம் நாலாயிற்று. அப்புறம் இரண்டு. போன மாதத்திலிருந்து, குழாய் மாட்டுவதற்கு முன்னால் ஆன நேரமேதான் ஆகிறது. நோட்டைக் காட்டினேன். "உன் கடிகாரம் ஓடுற லட்சணம்" என்றார்.

இப்போது அந்தோணியும் குட்டைக் குழாய் மாட்டிவிட்டார். மறுபடியும் அவர்தான் முன்னால். இவர் மறுபடியும் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போகிறார்.

போன திங்கட்கிழமை, பொங்கலோடு தான் நின்றுகொள்வதாகவும், ஒரு தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்திருப்பதாகவும் கிராணி சொல்லிவிட்டார். அன்றைக்கே இவர் என்னிடம் சொன்னார்.

"பொங்கல் கழிச்சு நீயே வந்துடு. சின்னவன் பால் குடிக்கிறான், அவனையும் தூக்கிக்க. சரோஜாவ எங்க விடுவே, அதுவும் வரட்டும். மழ இருக்கும். அந்தப் படுதாவ எடுத்துக் கிழிசல் இருந்தா தச்சு வையி."

சின்னவனுக்கு ஏழு மாதம். என் வயிற்றில் இருந்தபோதே அதே காற்றைக் குடித்தவன். கூப்பிட்டால் திரும்புகிறானா, எவ்வளவு தாமதமாகத் திரும்புகிறான் என்று தினமும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

குழாயையாவது பின்னால் நீட்டுங்கள் என்றேன். இந்தத் தடவை இரண்டு முறை சொன்னேன்.

"இழுவை செத்துப்போவும். அந்தோணி பொகைய மோந்துக்கிட்டே நான் பின்னால போவணுமா?"

"அப்படின்னா நான் வரலைங்க."

"வராத. ஊருக்குப் போ. சரோஜாவக் கூட்டிக்கிட்டுப் போ. சின்னவன் இங்க இருக்கட்டும். அவன் நல்லாத்தான் இருக்கான்."

கோபமே இல்லாமல் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கப்பல் ஆபீசில் பெரியவர் சீட்டு ஒன்று, குழந்தைச் சீட்டு ஒன்று என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்ததாகச் சாப்பிடும்போது சொன்னார்.

இப்போது தவுக்கே இன்னொரு ஆங்கிலத் தாளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இன்னும் அகலமான குழாய், இன்னும் பெரிய பித்தளை வாய். இவர் அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கடினமான சொற்கள் இருக்கின்றன, அகராதி இரவல் வாங்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அதில் ஒரு கடினமான சொல்லும் இல்லை. நான் வாசித்துவிட்டேன். குழாயின் நீளத்தைப் பற்றி இந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே வாசகர்களைக் கேட்கிறேன். சென்னையிலோ கோயமுத்தூரிலோ மோட்டார் இயந்திரம் அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். அதே அகலத்தில் குழாயை லோரியின் பின்புறம் வரை நீட்டினால் இழுவை எவ்வளவு குறையும்? ஒன்றும் குறையாது என்றால், அதை ஆங்கிலத்தில், முடிந்தால் டைப் அடித்து, ஆசிரியர் வழியாக எனக்கு அனுப்புங்கள். குழந்தையைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம். இழுவையைப் பற்றி மட்டும் இருந்தால்தான் அவர் கேட்பார்.

குறையும் என்பதுதான் உண்மையானால், என் கேள்வி வேறு. சர்க்கார் அதிகாரியிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குப் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். இவருக்கு வாசித்துக் காட்டியதில் மட்டும் இன்றுவரை ஒரு சொல்லையும் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இந்தத் தாளில் இல்லாத ஒரு வரியை, நீண்ட குழாய்தான் அதிகம் இழுக்கும் என்று, இருப்பது போல நான் வாசிக்கலாமா? குடும்பம் நடத்திய பெண்கள் சொல்லுங்கள். வாசித்தால் அவர் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். இழுவை பற்றிய இடம் வந்தால், விரலை வைத்துக் காட்டி இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வார். இரண்டாம் தடவையும் ஒரு சொல் மாறாமல் வர வேண்டும். எனக்குப் பயத்தில் நாக்கு குழறும். அதனால் அந்த வரியை, தாளில் அச்சடித்தது போலவே ஆங்கிலத்தில், யாராவது எனக்கு எழுதி அனுப்புங்கள். பொங்கலுக்கு முன் வந்தால் மனப்பாடம் செய்துவிடுவேன்.